அளவுகளில் கவனக்குறைவு

பவானிபூரில் எங்கள் வாடகை வீட்டு மாடியில் இருபத்து மூன்று வருஷம் குடியிருந்த வைத்தீஸ்வரன் தம் ஆயுளில் ஒரு சொட்டு மது குடித்தவரில்லை. ஆனால் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ஜின்னை எத்தனை விதமாகக் கலந்து குடித்தார்கள் என்று அவர் அளவுக்குத் தெரிந்துவைத்திருந்த இன்னொரு தமிழன் அந்தக் காலத்தில் இருந்திருக்க முடியாது. நான் ருசித்ததுண்டா என்று கேட்காதீர்கள். இது என் கதை இல்லை. நான் ஹவுராவில் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தவன், அவருக்குக் கீழ்வீட்டுக்காரன். அது போதும்.

மனுப் போடுவது வைத்தீஸ்வரனுக்கு மூச்சு விடுவது போல. உலகத்தில் எங்கே எது தப்பாக எழுதப்பட்டிருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. தெருமுனைக் கடிகாரக் கடையில் சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் மெதுவாக ஓடுகிறது என்று கடைக்காரருக்கு ஒரு மனு. பள்ளிக்கூடச் சான்றிதழில் தம் பிறந்த தேதி பதினொரு நாள் தள்ளி எழுதப்பட்டிருக்கிறது என்று மூன்று வருஷம் விடாமல் மனு. என் பெண்ணின் பெயர் சூட்டு விழாப் பத்திரிகையில் நட்சத்திரம் தப்பு என்று எனக்கே ஒரு மனு, 'ஐயா' என்று ஆரம்பித்து. மாடிப்படி இறங்கி வந்து வாயால் சொல்லியிருக்கலாம். தபாலில் அனுப்பினார்.

அவர் வேலை பார்த்தது பெல்ஹேவன் கிளப்பில். வெள்ளைக்காரர்கள் மட்டும் சேரக்கூடிய கிளப் அது. டைப் அடிக்கிற குமாஸ்தா வேலை, அதுவும் தற்காலிகம். டைப் அடிப்பதில் அவருக்கு ஒரே கொள்கைதான்: எழுதினது எழுதினபடி. வெள்ளைக்கார சாயபு குடித்துவிட்டுக் கிறுக்கிய கடிதமாக இருந்தாலும் ஒரு எழுத்து மாற்றமாட்டார். மாற்ற வேண்டுமென்று தோன்றினால் தனியாக ஒரு மனு வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் தலைநகரை டில்லிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கிளப் மெம்பர்களில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். அதுவரை எந்தப் பானத்தை எப்படிக் கலப்பது என்பது எங்கும் எழுதப்படாமல் பழைய மெம்பர்களின் வாயிலேயே இருந்தது. அந்த வாய்களெல்லாம் ரயிலேறிவிட்டால் என்ன ஆகும் என்று காரியதரிசி மேஜர் பெல்லாமிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. எல்லாரிடமும் கேட்டு, ஒப்பிட்டு, மூத்த மெம்பர்களின் கையெழுத்தோடு ஒரு புத்தகம் அச்சடிக்க வேண்டும், கிறிஸ்துமஸுக்குள் முடிக்க வேண்டும் என்று வைத்தீஸ்வரனிடம் ஒப்படைத்தார். முடித்தால் வேலை நிரந்தரம். முடிக்காவிட்டால் ஜனவரியில் வேலை இல்லை.

இது விளையாட்டுக் காரியமில்லை. கும்பகோணத்திலிருந்து மனைவி நாகலக்ஷ்மியைக் கூட்டிவந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கூடவே மூன்று கோணிப்பை நிறையப் பித்தளைப் பாத்திரம். 'ரெண்டு வருஷத்துல பாத்திரத்தோட திரும்பி வருவான் பாரு' என்று அவருடைய அண்ணா ஊர் பூராவும் சொல்லிவைத்திருந்தாராம். அந்த அண்ணா வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்து தண்டச்சோறு தின்பதைவிட ஹூக்ளியில் குதிக்கலாம் என்பது வைத்தீஸ்வரனின் கருத்து. அவருக்கு நீச்சல் தெரியும் என்பது வேறு விஷயம்.

நாற்பது மெம்பர்களுக்குக் கடிதம் போயிற்று. பதில்கள் வந்து குவிந்தன. வைத்தீஸ்வரன் முழுத்தாள்களை ஒட்டி ஒட்டி ஒரு பாய் அகலத்துக்குப் பட்டியல் ஒன்று தயாரித்து, கட்டம் போட்டு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, தண்ணீர், ஐஸ் என்று தலைப்புக் கொடுத்துத் தரையில் விரித்தார். நாகலக்ஷ்மி சமையலுள்ளுக்குப் போக வேண்டுமென்றால் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

முதலில் பிங்க் ஜின். ஜின்னோடு நாலு சொட்டு கசப்புச் சாரம் சேர்ந்தால் ரோஜா நிறம் வருமாம். இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன். கசப்பைக் கிளாஸில் விட்டுச் சுழற்றி, அதன்மேலேயே ஜின்னை ஊற்ற வேண்டும் என்று பன்னிரண்டு பேர். சுழற்றினதைக் கொட்டிவிட்டு, கிளாஸில் ஒட்டியிருப்பது மட்டும் போதும் என்று ஒன்பது பேர். கொட்டுகிறவன் கஞ்சன் என்று ஒருவர் எழுதியிருந்தார். கொட்டாதவன் காட்டான் என்று இன்னொருவர். மார்ட்டினி என்று ஒன்று. அதில் ஜின்னோடு வெர்மூத் என்கிற மூலிகை ஒயினைச் சேர்க்கிறார்கள். சரிபாதியா, இரண்டுக்கு ஒன்றா என்பதில் அண்ணன் தம்பி இருவர் சொத்தைப் பிரித்துக்கொண்டார்களாம். மேலே ஆலிவ் காய் போடுவதா, எலுமிச்சைத் தோலைப் போடுவதா என்பது தனி வழக்கு. ஸ்லிங் என்ற கலவையில் ஜாதிக்காய் உரசுவதா கூடாதா, டாம் காலின்ஸில் சர்க்கரை முதலிலா சோடா முதலிலா என்று ஒவ்வொன்றுக்கும் கட்சி, எதிர்க்கட்சி.

"ஓய், இது நம்ம ரசந்தான் ஓய்" என்றார் வைத்தீஸ்வரன், பட்டியலுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு. "கும்பகோணத்துல ஒரு மாதிரி, திருநெல்வேலில ஒரு மாதிரி. ரெண்டு பேரும் மத்தவாளுதைக் கழுநீர்ம்பா."

"ரசத்தை நீர் குடிச்சிருக்கீர். இதை வாயிலயே விட்டதில்லை. எதை வெச்சு ஒப்பிடப்போறீர்?"

"எங்காத்துல யாராவது ருசி பார்த்துச் சமைக்கறாளா?"

எங்கள் வீடுகளில் ஸ்வாமிக்கு நைவேத்தியம் ஆகும்வரை சமைத்ததை நாக்கில் வைக்கக் கூடாது. உப்புப் போதுமா என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும். அதிலும் நாகலக்ஷ்மியின் மூக்கு சாதாரண மூக்கில்லை. குழாயடியில் நின்று துணி துவைத்துக்கொண்டே, எங்கள் சமையலறையில் கொதிக்கிற சாம்பாரில் உப்பு ஒரு சிட்டிகை குறைகிறது என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். என் மனைவி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. சாம்பாரில் உப்பென்னவோ குறைவாகத்தான் இருந்தது.

நவம்பர் முடிவதற்குள் வைத்தீஸ்வரன் ஏறக்குறைய எல்லா வழக்குகளையும் தீர்த்துவிட்டார். தீர்ப்பு என்ன பெரிய தீர்ப்பு, ஒவ்வொன்றையும் இரண்டாக எழுதிவிடுவதுதான். 'பிங்க் ஜின், கொட்டினது. பிங்க் ஜின், கொட்டாதது.' இரண்டு கட்சியும் கையெழுத்துப் போட்டது. கிம்லெட் என்ற ஒன்றில்தான் வண்டி நின்றுவிட்டது.

கிம்லெட் என்றால் ஜின்னும் எலுமிச்சையும். அகராதியில் தேடிப் பார்த்தார். தச்சர்கள் துளை போடுகிற கருவி என்று இருந்தது. பெயருக்கு ஏற்ற மாதிரிதான் நடந்தது. கிளப்பில் இரண்டு பெரிய தலைகள் உண்டு. ஒருவர் ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஓல்டம். இன்னொருவர் சணல் மில்லுக்காரர் ட்ரென்ச். இந்தக் கிம்லெட் தகராறில் இரண்டு பேரும் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. ஜட்ஜின் செய்முறை: பாட்டிலில் வரும் இனிப்பு எலுமிச்சைச் சாறு பாதி, ஜின் பாதி, கரண்டியால் கலக்க வேண்டும், ஐஸ் கூடாது, ஐஸ் காலராவைக் கொண்டுவரும். ட்ரென்ச்சின் செய்முறை: ஜின் மூன்று பங்கு, அப்போது பிழிந்த எலுமிச்சை ஒரு பங்கு, ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஐஸோடு சேர்த்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்க வேண்டும். இரண்டாக எழுதிவிடலாம் என்றால் இரண்டு பேருமே ஒப்புக்கொள்ளவில்லை. மற்றவருடையதற்குக் கிம்லெட் என்ற பெயரே கூடாது என்றார்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போடாமல் அச்சுக்குப் போகாது.

காகிதத்தில் தீராததால், கிளப்பில் தினமும் கொடுக்கிற பானங்களை நேரில் சோதித்துவிடுவது என்று வைத்தீஸ்வரன் முடிவு செய்தார். சோதிக்கப் போவது யார் என்று நான் கேட்கவில்லை. மாடியில் நாகலக்ஷ்மி அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாள்.

கிளப்பில் பானங்களுக்குப் பொறுப்பாளரை ஆப்தார் என்பார்கள். அங்கே ஆப்தார் நிபாரண் பருவா, சிட்டகாங்கிலிருந்து வந்த பௌத்தர், ஐம்பது வயதிருக்கும். சாந்த்ராகாச்சியில் குடியிருந்து ரயிலில் ஹவுராவுக்கு வந்து போகிறவர், அதனால் எனக்கும் பழக்கம். கேட்டவுடனே பன்னிரண்டு மருந்துக் குப்பிகளில் ஒவ்வொரு பானமாக நிரப்பி, எண் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹவுரா ஸ்டேஷனில் கொடுத்தார். கொடுத்தது என்னிடம். வைத்தீஸ்வரன் அதைத் தொடமாட்டாராம், நான் தொடலாமாம். பாலத்தின் மேல் பையோடு நடந்து வரும்போது எதிரே வந்த ஆபீஸ் நண்பர் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். மாடிவீட்டுக்காரருக்கு என்றேன்.

குளிப்பதற்கு முன்னால் பார்த்துவிடலாம், பிறகு ஒரேயடியாகத் தலை முழுகிவிடலாம் என்று நாகலக்ஷ்மி குழாயடியில் வந்து நின்றாள். குப்பிகளை மதில்மேல் வரிசையாக வைத்தேன். வைத்தீஸ்வரன் ஆறடி தள்ளிப் பட்டியலோடு நின்றார்.

"அண்ணா, நீங்களே தொறந்து காட்டுங்கோ. நான் தொட மாட்டேன்" என்றாள்.

முதல் குப்பி வெறும் ஜின். ஒரு சாண் தூரத்தில் பிடித்தேன்.

"புதுசா எழைச்ச தேவதாருப் பலகை" என்றாள்.

அடுத்தது பிங்க் ஜின். "அதே பலகை. மேல பிரசவ மருந்து தெளிச்சிருக்கா."

ஸ்லிங்குக்கு வந்தோம். "ஜாதிக்கா ஜாஸ்தி. இதைக் குடிச்சா தூக்கம்னா வரும்? இதுக்கா கூடிக் கூடி உக்காந்துக்கறா?"

ஐந்தும் ஆறும் மார்ட்டினி. இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்தாள். "இது ரெண்டும் வேற. ஒண்ணுல பலகையும் மூலிகையும் சரிபாதி. இன்னொண்ணுல பலகை ரெண்டு பங்கு."

வைத்தீஸ்வரன் பட்டியலைப் பார்த்தார். அப்படியே இருந்தது. அன்றிலிருந்து அவள் எதிரில் வெற்றிலை போடுவதைக்கூடக் குறைத்துக்கொண்டேன்.

ஏழாவது ஜட்ஜின் கிம்லெட். எட்டாவது ட்ரென்ச்சின் கிம்லெட். நாகலக்ஷ்மி ஏழை முகர்ந்தாள், எட்டை முகர்ந்தாள், மறுபடி ஏழு.

"ஏழும் எட்டும் ஒண்ணு."

"இல்லை" என்றார் வைத்தீஸ்வரன். "பட்டியலைப் பாரு. ஒண்ணு பாதிக்குப் பாதி, ஒண்ணு மூணுக்கு ஒண்ணு."

"பட்டியலுக்கு மூக்கு இருக்கான்னா? ரெண்டும் ஒரே ஜாடிலேர்ந்து விட்டது. அது மட்டும் இல்லை, ரெண்டுலயும் ஒரு எலையைக் கசக்கிப் போட்டிருக்கா. நம்மூர் நார்த்தை எலை மாதிரி. இங்க கந்தராஜ்னு ஒரு எலுமிச்சை விக்கறாளே, அதோட எலை."

இரண்டு செய்முறையிலும் எந்த இலையும் இல்லை. வைத்தீஸ்வரன் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாகலக்ஷ்மி நான்கு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளப் போய்விட்டாள். மீதி நான்கு குப்பியை யாரும் திறக்கவில்லை. அவை என்ன ஆயின என்பதும் என் கதை, இதில் சேராது.

மறுநாள் கிளப்பில் என்ன நடந்தது என்பதைப் பருவா பிற்பாடு எனக்குச் சொன்னார், பாதி வங்காளத்திலும் பாதி இந்துஸ்தானியிலும். வைத்தீஸ்வரன் நேரே போய், இரண்டு சாயபுகளுக்கும் ஒன்றையேதான் கொடுக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். பருவா மறைக்கவில்லை.

"பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் சொன்னபடிதான் செய்தேன், பாபு. இரண்டு பேருமே முதல் வாயிலேயே திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் செய்தேன், மறுநாளும் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் என் கைக்குத் தோன்றினபடி ஒன்று கலந்து இரண்டு பேருக்கும் அனுப்பினேன். என் வீட்டுக் கந்தராஜ் மரத்து இலை இரண்டு கசக்கிப் போட்டேன். 'இப்போதுதான் நான் சொன்னது உன் மண்டையில் ஏறியிருக்கிறது' என்று ஜட்ஜ் சாயபு சொன்னார். ட்ரென்ச் சாயபு எட்டணா கொடுத்தார். அன்றிலிருந்து ஒரே ஜாடிதான். ட்ரென்ச் சாயபுக்கு மட்டும் காதில் விழுகிற மாதிரி வெறும் ஐஸை நன்றாகக் குலுக்கிவிடுவேன்."

இந்த நேரம் பார்த்து மேஜர் பெல்லாமி ஒரு யோசனை சொன்னார். இரண்டு செய்முறையையும் எழுதினபடியே கலந்து, இரண்டு சாயபுகளும் இரண்டையும் குடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும். டிசம்பர் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம், கமிட்டி முன்னிலையில். பருவா கலக்கக் கூடாது, அவன் ட்ரென்ச்சின் ஆள் என்றார் ஜட்ஜ். பருவா கலக்கக் கூடாது, அவன் ஜட்ஜின் ஆள் என்றார் ட்ரென்ச். கடைசியில், ஆயுளில் குடிக்காத ஒருவன்தான் பாரபட்சம் இல்லாமல் கலப்பான் என்று இரண்டு பேரும் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனார்கள். வைத்தீஸ்வரன்தான் கலக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பருவா வைத்தீஸ்வரனைத் தனியே கூப்பிட்டார்.

"பாபு, திரைக்குப் பின்னால்தானே கலக்கப்போகிறீர்கள். ஜாடியை அங்கே வைத்துவிடுகிறேன். இரண்டு கிளாஸிலும் அதையே ஊற்றிவிடுங்கள். எல்லாருக்கும் நல்லது."

"எழுதினது எழுதினபடி" என்றார் வைத்தீஸ்வரன்.

இந்த மனுஷரின் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு ஜாடியைச் சாய்த்திருந்தால் தீர்ந்தது. இல்லை, மருந்துக் கடையிலிருந்து அவுன்ஸ் கோடு போட்ட கண்ணாடிக் குவளை வாங்கி வந்திருந்தார். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார். கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் ஜின்னை அளந்தார். ஜட்ஜுடையதைக் கரண்டியால் கலக்கினார். ட்ரென்ச்சுடையதை, கைக்குட்டை அவிழ்ந்து விழுகிற வரைக்கும் குலுக்கினார். எந்தக் கிளாஸ் யாருடையது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஜட்ஜ் முதல் கிளாஸை ஒரு வாய் குடித்தார். முகம் கோணிற்று. "இது ட்ரென்ச்சுடையது" என்றார். இரண்டாவதை ஒரு வாய் குடித்தார். "இதுவும் ட்ரென்ச்சுடையது."

ட்ரென்ச் இரண்டையும் ஒரு வாய் பார்த்துவிட்டு, அருகிலிருந்த பூந்தொட்டியில் துப்பினார். இரண்டுமே ஜட்ஜுடையது என்றார்.

மேஜர் வைத்தீஸ்வரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒன்று ஜட்ஜுடையது, ஒன்று ட்ரென்ச்சுடையது, இரண்டும் எழுதினபடி என்று அறிவித்தார். அவ்வளவுதான். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு சாயபுகளும் ஒரே குரலில் பேசினார்கள். இது தங்கள் கிம்லெட் இல்லை, தினமும் குடிக்கிறவர்களுக்குத் தெரியாதா, பாபு அளவைத் தப்பாகப் போட்டுவிட்டான் என்று மேஜையைத் தட்டினார்கள்.

மேஜர் திரும்பினார். "எழுதியிருக்கிற அளவுப்படிதான் கலந்தாயா?"

வைத்தீஸ்வரனின் சட்டைப் பையில் இரண்டு செய்முறையும் அவரவர் கையெழுத்தோடு இருந்தன. அளந்த கண்ணாடிக் குவளை மேஜைமேல் இருந்தது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது சத்தியம். ஆனால் அதற்கு அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இது அவர்கள் சொன்ன அளவுதான் என்றால், பதினோரு வருஷமாக அவர்களுக்குக் கொடுத்துவந்தது என்ன? அதைக் கேட்டுவிட்டால் பருவா அன்று ராத்திரியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான், இனி வர வேண்டியதில்லை. பருவா தட்டோடு கதவோரம் நின்றிருந்தார். தன் பக்கம் பாபு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அவர் என்னிடம் சொன்னார்.

"தப்பு என்னுடையது, ஸார்" என்றார் வைத்தீஸ்வரன். "அளவை மாற்றிப் போட்டுவிட்டேன்."

இதைக் கேட்டபோது நான் பருவாவை நம்பவில்லை. கடிகாரக் கடைக்காரருக்கு நாலு நிமிஷத்துக்காக மனுப் போட்ட ஆசாமியா? டைப்பில் ஒரு கமா விழாமல் போனால் முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்கிறவரா? அவர் வாயில் அந்த வார்த்தை எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டவுடன் எனக்கு அழுகை வந்தது. பருவாவுக்குத் தெரியக் கூடாதென்று படகுத்துறைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் நடந்தது தமாஷ். பருவாவே கலக்கட்டும் என்று மேஜர் உத்தரவு போட்டார். பருவா திரைக்குப் பின்னால் போனார். ஒரு தடவை கரண்டிச் சத்தம், ஒரு தடவை ஐஸ் குலுங்குகிற சத்தம். இரண்டு ஜோடி கிளாஸ் வந்தது. ஜட்ஜ் தம்முடையதைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ட்ரென்ச்சின் கிளாஸைத் தொட்டு ஒரு வாய் பார்த்துவிட்டு, "கழுதை மூத்திரம்" என்றார். ட்ரென்ச் தம்முடையதை ஒரே மூச்சில் காலி செய்தார். ஜட்ஜுடையதை முகர்ந்து பார்த்ததோடு சரி, குடிக்கவே மறுத்துவிட்டார். மேஜர் பெல்லாமி இரண்டு கிளாஸிலிருந்தும் கொஞ்சம் குடித்தார். ஒன்றின் விளிம்பில் ஒட்டியிருந்த பச்சைத் துணுக்கை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தார். பருவாவைப் பார்த்தார், வைத்தீஸ்வரனைப் பார்த்தார். அந்தத் துணுக்கைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, இரண்டையும் அவரவர் பெயரோடு அச்சடிக்கலாம் என்றார். ருசி வித்தியாசம்தான் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்துவிட்டதே. இரண்டு சாயபுகளும் வெற்றிக் களிப்பில் கையெழுத்துப் போட்டார்கள்.

அதோடு விடவில்லை. அளவு தெரியாத இந்தப் பாபுவை அனுப்பிவிட வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள். புத்தகம் முடிந்துவிட்டது, பேச்சுத் தவறக் கூடாது, தப்பைக் கேட்டவுடன் ஒப்புக்கொள்கிறவன் இந்தக் கிளப்பில் வேறு யாரும் இல்லை என்று மேஜர் வாதாடினார். கடைசியில் சமரசம். வேலை நிரந்தரம். ஆனால் சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஒரு வரி ஏறியது: 'நாணயமானவர். அளவுகளில் கவனக்குறைவு.'

அன்று வைத்தீஸ்வரன் வீட்டுக்கு வந்து, வேலை நிரந்தரமாகிவிட்டது என்று மட்டும்தான் சொன்னார். நாகலக்ஷ்மி பாயசம் வைத்தாள். எங்களுக்கும் ஒரு பாத்திரம் கீழே வந்தது. ரிஜிஸ்டரில் ஏறின வரி எனக்கு அடுத்த வாரம் பருவா மூலமாகத்தான் தெரிந்தது. அவளிடமும் நான்தான் சொன்னேன்.

"ஏதோ நடந்திருக்குன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணா. அன்னிக்குப் பாயசம் குடிக்கறச்சே உப்புப் போறலைன்னார். பாயசத்துக்கு யாராவது உப்புக் கேப்பாளா?" என்றாள்.

அதிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை பருவா ஹவுரா ஸ்டேஷனில் ஒரு துணிமுடிச்சை என்னிடம் கொடுப்பார். உள்ளே கந்தராஜ் இலை. நாகலக்ஷ்மி அதை மிளகாய் பெருங்காயத்தோடு இடித்து, நம்மூர் வேப்பிலைக்கட்டி மாதிரி உருட்டிவைப்பாள். மோர்சாதத்துக்கு அதைப் போல் ஒன்று கிடையாது. அதில் நாலு உருண்டை திரும்பிப் பருவாவுக்குப் போகும். அவர் அதை எதோடு சாப்பிட்டாரோ, நான் கேட்கவில்லை.

அந்த ஒரு வரி வைத்தீஸ்வரனை விடவில்லை. தலைமைக் குமாஸ்தா வேலை இரண்டு தடவை காலியாயிற்று. இரண்டு தடவையும் கமிட்டி ரிஜிஸ்டரைப் புரட்டியது, அந்த வரியைப் படித்தது, வேறு ஆளைப் போட்டது. நடுவில் அவர் போட்ட மனுக்களுக்குக் கணக்கில்லை. மழைநீர்க் குழாய்க்கு ஒன்று, பஞ்சாங்கத்தில் கிரகணம் தப்பு என்று ஒன்று, எங்கள் வீட்டுப் பூனை பற்றி எனக்கு இரண்டு. அந்த வரியைப் பற்றி மட்டும் ஒன்றுகூட இல்லை.

முப்பத்து நாலில் அவர் ஓய்வு பெற்றார். அதற்குள் ஜட்ஜும் ட்ரென்ச்சும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மேஜர் எப்போதோ சீமைக்குத் திரும்பிவிட்டார். பருவாவும் வேலையை விட்டுச் சிட்டகாங் போய் அங்கேயே கண்ணை மூடினார். இனி யாருக்கு என்ன நஷ்டம்? நானே உட்கார்ந்து அவருக்காக ஒரு மனு எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதி, அந்த வரியை நீக்க வேண்டுமென்று கேட்டு, அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விட்டுவைத்து, மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"எழுதினது எழுதினபடியே இருக்கட்டும் ஓய்" என்றார்.

"பருவாதான் போயிட்டாரே. இன்னும் யாருக்காக?"

அவர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடப்போகிறார் என்று நினைத்தேன். மனுவில் நான் பிழையாக எழுதியிருந்த இரண்டு இடங்களைத் திருத்தினார். பிறகு காகிதத்தை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மோர் சாப்பிடுகிறீரா என்று கேட்டார்.